ஆக்ரிக்கடை இரும்பில் ஒரு தகட்டுப் பட்டறை

தகடு வேலைக்கென்று விற்கிற கருவிகளின் விலையைப் பார்த்துவிட்டு ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலக்காடு எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்தப் பக்கம் போனால் கஞ்சிக்கோட்டு ஆலைகள், அந்தப் பக்கம் போனால் கோயம்புத்தூர் லேத்துகளும் பவுண்டரிகளும், நடுவில் ரோட்டோரம் அங்கங்கே ஆக்ரிக்கடை, அதாவது பழைய இரும்புக் கடை. லாரி ஓடுகிற பாதை என்பதால் கமான் பட்டை (வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை), ஆக்சில், பேரிங் எல்லாம் எடைக்குக் கிடைக்கும். ஒரு தகரக் கொட்டகை, கெட்டித் தரை, ஒரு ஆங்கிள் கிரைண்டர், சின்னதாக ஒரு ஆர்க் வெல்டிங் மிஷின், ஒரு வைஸ். இவ்வளவு இருந்தால் மீதியை நாமே செய்துகொள்ளலாம்.

கருவிக்குப் போகும் முன்னால் தகட்டைப் பற்றி ஒரு விஷயம். நேராக மடிப்பதை விட்டுவிடுங்கள், அது வேறு கணக்கு. குழி, மேடு, வளைவு என்று வந்துவிட்டால் தகட்டுக்குத் தெரிந்தது இரண்டே காரியம்: ஒன்று விரியும், இல்லையென்றால் சுருங்கும். ஒரு கிண்ணம் வேண்டுமென்றால் நடுவை விரிக்கலாம், அல்லது ஓரத்தைச் சுருக்கலாம். நடுவை மட்டுமே அடித்துக்கொண்டு போனால் அது மெலிந்து மெலிந்து கடைசியில் கிழியும், அதனால் நல்ல டிங்கர் மேஸ்திரி இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வார். எதை எதன் மேல் அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே இரும்பு, மேலே இரும்புச் சுத்தியல் என்றால் நடுவில் மாட்டிய தகடு நசுங்கி விரியும். இரண்டில் ஒன்று மரமாக இருந்தால் தகடு அவ்வளவாக மெலியாது, வடிவம் மட்டும் மாறும். சுருக்குவதற்கு இரண்டுமே மரமாக இருப்பது நல்லது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆக்ரிக்கடைக்குள் போனால் பார்க்கிற சாமானெல்லாம் கருவியாகத் தெரியும்.

பழகுவதற்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய சாதா இரும்புத் தகடு) எடுங்கள், கிட்டத்தட்ட 0.9 மி.மீ. கனம். 18 கேஜ் 1.2 மி.மீ. வரும், ஜீப் பாடிக்கு அதுதான் பொருந்தும், ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். கூரை போட்டவர்கள் வீசிவிட்டுப் போன கலர் ஷீட் துண்டு சும்மா கிடைக்கிறதே என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். அது பெரும்பாலும் கடினமான எஃகு, ரெண்டு அடியில் விரிசல் விடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டும் வேண்டாம். வளைப்பதற்கு நன்றாகத்தான் வளையும், வெல்டிங் வைக்கும்போதோ சூடு காட்டும்போதோ துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து போர்வைக்குள் நடுங்க வேண்டியதுதான்.

கட்டை

முதல் கருவி ஒரு மரக்கட்டை. புளியமரம்தான் சரி. கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையில் வைத்து வெட்டுகிற அதே காரணம்தான்: இழை பின்னிக் கிடக்கும், எவ்வளவு அடி வாங்கினாலும் லேசில் பிளக்காது. இந்தப் பக்கம் பனையும் தென்னையும் எங்கே பார்த்தாலும் விழுந்து கிடக்கும், அதை எடுத்துவிடலாம் என்று தோன்றும். வெளிச்சுற்று மட்டும் வைரமாக இருக்கும், உள்ளே சோறு, நாலு நாளில் நடு அமுங்கிப் பள்ளமாகிவிடும்.

மர மில்லில் ஒன்றரை அடி விட்டத்தில் அடிமரத் துண்டு கேளுங்கள். நிற்க வைத்து, அறுத்த முகம் மேலே வரும்படி பயன்படுத்த வேண்டும். கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டிக்கு ஒரு சாண் மேலே கட்டையின் தலை வரட்டும். அதைவிடத் தாழ்வாக வைத்தால் சாயங்காலம் இடுப்பு சொல்லிவிடும். பச்சைக் கட்டை என்றால் உடனே வேலைக்கு எடுக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற வறண்ட காற்றில் பச்சைக் கட்டை வெடித்துவிடும், ஆகவே இரண்டு அறுத்த முகத்திலும் பழைய பெயிண்டைத் தடித்து அடித்து நிழலில் வையுங்கள். கட்டையைச் சுற்றி 40 மி.மீ. அகல பிளாட்டை (தட்டை இரும்புப் பட்டை) வளைத்து, இரண்டு முனையிலும் காது வைத்து வெல்டு செய்து, ஒரு போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். மரம் காயக் காயச் சுருங்கும், போல்ட்டை அப்பப்போ ஒரு சுற்று முறுக்கினால் போதும்.

தலையில் இரண்டு குழி வேண்டும். ஒன்று 150 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம், வட்டமாக. இன்னொன்று அதில் பாதி அளவு, முட்டை வடிவத்தில், கட்டையின் ஓரத்தை ஒட்டி. உளியால் தோண்டலாம், ஆனால் புளியங்கட்டையின் அறுத்த முகத்தில் உளி போடுவது கை ஒடிகிற வேலை. எளிய வழி தேங்காய்ச் சிரட்டைக் கனல். நாலு சிரட்டைத் துண்டைப் பற்றவைத்து, கனலானதும் குழி வேண்டிய இடத்தில் வைத்து ஒரு குழாயால் ஊதுங்கள். மரம் கரியாகும், கனலைத் தள்ளிவிட்டுக் கரியைச் சுரண்டுங்கள், திரும்ப வையுங்கள். எந்தப் பக்கம் ஆழம் வேண்டுமோ அந்தப் பக்கம் ஊதினால் அங்கே இறங்கும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும், முடிந்ததும் நன்றாக நனைத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும், உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். கடைசியில் உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கினால் குழி தயார். கட்டையின் விளிம்பை ஒரு பக்கம் கூராகவே விட்டுவிட்டு மறு பக்கம் உருட்டி வையுங்கள், இரண்டுக்கும் வேலை வரும்.

மணல் பை என்று ஒன்று உண்டு, கட்டைக்குக் கூட்டாளி. லாரி சீட் தைக்கிற அண்ணனிடம் கெட்டி கேன்வாஸ் துணியை இரட்டை மடிப்பாக ஒரு அடிச் சதுரத்தில் தைத்து வாங்கி, சலித்த நைஸ் மணலை முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும், அடிக்கிற இடம் உள்வாங்காது. எம்-சாண்ட் முனை கூராக இருப்பதால் துணியை உள்ளிருந்தே அறுக்கும், தூசியும் கிளம்பும், ஆற்று மணல் ஒரு சட்டி இருந்தால் அதையே போடுங்கள்.

சுத்தியல்கள்

இரும்புச் சுத்தியலுக்கு ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. பழைய உருண்டைத் தலைச் சுத்தியல் ஒன்றை எடுத்து, தட்டை முகத்தின் விளிம்பை கிரைண்டரில் உருட்டி, 80, 120, 220 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குங்கள். சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அது ஒவ்வோர் அடியிலும் தகட்டில் பதியும், அப்புறம் அதை எடுக்க ஒரு நாள் போகும்.

கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல், நாமே செய்வது. கொய்யா மரமோ புளியோ, 65 மி.மீ. விட்டத்தில் ஒரு சாண் நீளத் துண்டு. ஒரு முகத்தைக் கிட்டத்தட்டப் பந்து மாதிரி உருட்டுங்கள், இன்னொன்றைத் தட்டையாக, ஆனால் நடு லேசாகப் புடைத்திருக்கும்படி வையுங்கள். பிடிக்குக் கல்மூங்கில் நல்லது, அதிர்வைக் கைக்கு விடாது. மரத் தலை சிதைந்துகொண்டே இருக்கிறது என்றால் கோயம்புத்தூரில் நைலான் ராடு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள், 60 மி.மீ. ராடில் ஒரு துண்டு வாங்கித் துளை போட்டு மாட்டிவிடலாம்.

கமான் பட்டையில் ஒரு தட்டி

குழித்த தகட்டில் வால்நட் ஓடு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைச் சமப்படுத்துவதற்குச் சுத்தியலைவிட நல்லது அகலமான, லேசான வளைவுள்ள ஒரு பட்டை. இங்கிலீஷில் ஸ்லாப்பர் என்கிற இந்தத் தட்டி, என்னைக் கேட்டால், வீட்டில் செய்கிற கருவிகளிலேயே செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது.

லாரியின் கமான் பட்டை ரொம்பக் கனம். ஜீப், வேன் பட்டையில் 6 முதல் 8 மி.மீ. கனத்தில் ஒன்று தேடுங்கள். கடைக்காரரிடம், "சேட்டா, ஓரத்தில் உடைஞ்ச பட்டை எதாவது இருக்கா?" என்று கேட்டால் குறைவாகவே தருவார், ஏனென்றால் உடைந்ததை வண்டிக்குத் திரும்ப விற்க முடியாது. வாங்கும் முன் பட்டையைத் துடைத்து, குறுக்கே மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நமக்கு வேண்டியது ஒன்றேகால் அடி நீளம்தான், விரிசல் இல்லாத பாகமாக இருந்தால் போதும்.

கட்டிங் வீலால் வெட்டுங்கள். வெட்டிய சூட்டோடு தண்ணீரில் போடாதீர்கள், இது ஸ்பிரிங் எஃகு, அந்த முனை கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்குப் போய்விடும். தானாக ஆறட்டும். ஒரு முனையில் அரை அடிக்கு அப்படியே அகலமாக விட்டுவிட்டு, மீதியைக் கைப்பிடிக்காக ஒரு அங்குல அகலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி, முகத்தைவிட இரண்டு விரல் மேலே ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடிக்கும்போது விரல் மூட்டு தகட்டில் படும். அதற்கு முகமும் பிடியும் சேருகிற இடத்தைச் செக்கச் சிவக்கச் சூடாக்கி, வைஸில் பிடித்து மேலே ஒரு வளைவு, முன்னால் ஒரு வளைவு கொடுத்து, சாம்பலிலோ காற்றிலோ ஆறவிடுங்கள். கடினப்படுத்தவே வேண்டாம், சி.ஆர். ஷீட்டை அடிக்க இந்த எஃகு இருக்கிற பதமே போதும்.

பட்டையில் ஏற்கெனவே இருக்கும் வளைவுதான் இதன் ரகசியம், அதன் புடைத்த பக்கம் தகட்டில் படும்படி இருக்க வேண்டும். நாலு விளிம்பையும் நன்றாக உருட்டிவிடுங்கள். புடைத்த முகத்தை 400 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் கொண்டுபோய்ப் பளபளப்பாக்குங்கள். பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் வேலை முடிந்தது. இன்னொன்று செய்து அதன் முகத்தில் தடித்த தோல் ஒட்டி வைத்தால் அலுமினியத்துக்கும் கடைசித் தட்டலுக்கும் ஆகும்.

அதே பட்டையில் மிச்சம் இருக்கும் துண்டில் உளியும் செய்யலாம். அதற்கு மட்டும் பதம் வைக்க வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு எண்ணெயில் முக்குங்கள். பஜ்ஜிக் கடையில் மிஞ்சிய எண்ணெய் போதும், ஆனால் இரும்பு வாளியில், மூடி பக்கத்தில். அப்புறம் முனையைப் பளபளப்பாக்கி, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடு காட்டினால் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நகர்ந்து வரும். உளி முனைக்கு ஊதா வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

டாலியும் நிறுத்து கம்பமும்

தட்டிக்குக் கீழே பிடிக்க ஒரு கனமான இரும்பு வேண்டும், டிங்கர் பட்டறையில் டாலி என்பார்கள். லாரி பின் ஆக்சில் தண்டு உடைந்தது கிடைத்தால் அதுபோல் வசதி வேறில்லை. அதன் வட்டத் தலையை வெட்டி எடுத்து ஓரத்தை உருட்டினால் கைக்கு அடங்கிய டாலி. தண்டில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை அரைப் பந்தாகக் கிரைண்டு செய்து, புளியங்கட்டையின் ஓரத்தில் துளை போட்டுச் செருகினால் நிற்கிற கம்பம். குழித்த தகட்டைக் கவிழ்த்து இதன் மேல் வைத்துத் தட்டியால் தட்டலாம். மேடு மேட்டில் படும், அடி வழுக்காது. ஒரே ஒரு கம்பம் என்றால் வளைவு கூடுதலாக இருக்கும் இடத்துக்கும் குறைவான இடத்துக்கும் ஒன்றே பொருந்தாது, மூன்று வெவ்வேறு உருட்டலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை தண்டவாளத் துண்டு. வேண்டாம். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது, ஜெயில் வரைக்கும் போகும், ஆக்ரிக்கடையில் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று சொல்வது உதவாது. உருட்டாலைக் கழிவில் வரும் கனத்த துண்டோ, எச்-பீமில் ஒரு முழமோ அதே வேலையைச் செய்யும்.

இன்னும் சில சாமானைத் தொடவே கூடாது. வார்ப்பிரும்பு, அதாவது பழைய டம்பெல், எடைக்கல், பம்பு பாடி, அடிக்கு உடைந்து துண்டு பறக்கும். பேரிங்கின் வளையத்தை டாலியாகப் பிடித்துச் சுத்தியலால் அடித்தால் அந்தக் கடின எஃகிலிருந்து செதில் தெறித்துக் கண்ணைக் குறிபார்க்கும். ஷாக் அப்சார்பரையோ மூடிய குழாயையோ சூடாக்கினால் வெடிக்கும். கேஸ் சிலிண்டரின் உருண்டையான மண்டை குழிக்க அச்சாக ஆகும் என்று வீடியோவில் காட்டுவார்கள். அது கம்பெனிச் சொத்து, உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டுகிறவனுக்கு முடிவு. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே அடிக்கிற சத்தம் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

சுருக்குவது

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஓரத்தைச் சுருக்க ஒரு முள்கரண்டி போதும். இரண்டு 10 மி.மீ. ராடு, ஒரு சாண் நீளம், இரண்டுக்கும் இடையே 3 மி.மீ. சந்து விட்டு, அடியை ஒரு கைப்பிடியில் வெல்டு செய்யுங்கள். முனைகளைக் கொஞ்சம் கூர்மையாக உருட்டி, உள்பக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். தகட்டின் ஓரத்தை அந்தச் சந்தில் ஒரு அங்குலம் நுழைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் திருகி, மறுபக்கம் திருகினால் தகட்டில் ஒரு மடிப்பு எழும். ஓரம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக மடிப்பு எழுப்பிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் கட்டையின் மேல் வைத்து, கொட்டாப்புளியால் மடிப்பைப் படுக்க வைக்க வேண்டும். எப்படி அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். மடிப்பின் மூக்கில், அதாவது உள்ளே முடிகிற நுனியில் முதலில் அடித்து அதை அடைத்துவிடுங்கள். வெளியே தப்பிக்க வழி இல்லாமல் மாட்டிக்கொண்ட உலோகம், ஓரத்தை நோக்கி அடிக்க அடிக்க, தன்னைத்தானே தடிமனாக்கிக்கொண்டு உள்வாங்கும். ஓரத்தில் முதலில் அடித்தால் மடிப்பு திறந்து பழைய நிலைக்கே போகும், உழைப்பு வீண். இரும்புச் சுத்தியலால் அடித்தால் சுருங்குவதற்குப் பதிலாக அந்த இடம் விரிந்துவிடும். மடிப்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறி மடிந்துவிட்டால் அதை அடிக்காமல் விரித்துவிட்டுத் திரும்ப எழுப்புங்கள், ஏறி மடிந்ததை அடித்தால் அங்கே விரிசல் நிச்சயம்.

ஜீப் மட்கார்டில் ஒரு ஒட்டு

ஜீப் முன் மட்கார்டின் ஓர மூலை துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மட்கார்டின் மூலையில், இல்லையென்றால் மறுபக்க மட்கார்டில், ஒரு செய்தித்தாளை வைத்து அழுத்தி ஒட்டுங்கள். தாள் படியாது. எங்கே தாள் மிச்சமாகிச் சுருக்கம் விழுகிறதோ அங்கேயெல்லாம் தகட்டைச் சுருக்க வேண்டும். எங்கே தாள் போதாமல் இழுத்துக்கொள்கிறதோ அங்கே கத்திரியால் ஒரு வெட்டு போடுங்கள், வாய் திறக்கும், அந்த இடத்தைத்தான் விரிக்க வேண்டும். சுருக்கத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள், வாய் திறந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. தாளை எடுத்துத் தகட்டில் வைத்துக் குறிகளை அப்படியே மாற்றிக்கொண்டால் எங்கே எந்தக் கருவி என்ற குழப்பமே கிடையாது. மறுபக்கத்து மட்கார்டில் எடுத்திருந்தால் தாளைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முதலில் வட்டமிட்ட இடங்களைச் சுருக்கிவிடுங்கள், அப்போதே பாதி வடிவம் வந்துவிடும். பிறகு பெருக்கல் குறி போட்ட இடத்தை மரக்குழியில் வைத்துக் கொட்டாப்புளியின் உருண்டை முகத்தால் வெளி ஓரத்திலிருந்து வட்டமாக உள்ளே வாருங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட நூறு லேசான அடி நல்லது. அப்பப்போ ஜீப்பில் வைத்துப் பாருங்கள். 'தொப் தொப்' என்று கேட்ட சத்தம் 'டங் டங்' என்று மாறினால் தகடு இறுகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் சூடு காட்டிச் சிவந்ததும் ஆறவிட்டுத் தொடருங்கள்.

வடிவம் வந்ததும் கம்பத்தின் மேல் கவிழ்த்துத் தட்டியால் சமப்படுத்துங்கள். கண் ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாது. மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தடவினால் மேடு பள்ளம் விரலுக்குச் சொல்லும். அப்புறம் மார்க்கரால் முழுக்கக் கறுப்படித்து, பழைய அரத்தை நீளமாக ஒரு இழுப்பு இழுங்கள். மினுங்கும் இடம் மேடு, கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எழுப்புங்கள். தகட்டை அழுத்தினால் டப்பு டப்பு என்று உள்ளே வெளியே போய் வந்தால் அங்கே அளவுக்கு மேல் விரிந்துவிட்டது. கேஸ் டார்ச்சால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவக்கவைத்து, சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத் துணியால் ஒத்தினால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்று போதவில்லை என்றால் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று.

வெல்டு வைக்கும்போது ஒரே ஓட்டமாக ஓடக் கூடாது. எதிரெதிர் மூலையில் புள்ளிப் புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, நடுவை நிரப்புங்கள். வெல்டு ஆறும்போது அந்தக் கோடு சுருங்கி இழுக்கும். புள்ளி சூடாக இருக்கும்போதே டாலியை அடியில் பிடித்து மேலே இரும்புச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இழுத்தது விட்டுக்கொடுக்கும்.

மடிக்கவும் அழுத்தவும்

நேர் மடிப்புக்கு இரண்டு 50 மி.மீ. ஆங்கிளை முதுகோடு முதுகாக வைத்து, தகட்டை நடுவில் இறுக்கி, கொட்டாப்புளியால் அடித்து மடிப்பதே முக்கால்வாசி வேலைக்குப் போதும். கீல் போட்டு மடிப்பு மிஷின் செய்ய ஆசைப்பட்டால், கீலின் நடுக்கோடும் மடிப்பு வருகிற விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அது தப்பினால் மடிப்பு உருண்டையாகத்தான் வரும். மூணு அடிக்கு மேல் நீளம் என்றால் நடு வளைந்துகொடுக்கும், முதுகில் ஒரு பிளாட்டை நிறுத்தி வெல்டு செய்யுங்கள். 90 டிகிரி வேண்டுமென்றால் நாலைந்து டிகிரி கூடுதலாக மடித்துவிடுங்கள், விட்டதும் திரும்பி வரும்.

பாட்டில் ஜாக்கி வைத்துச் சேனலில் ஒரு பிரஸ் கட்டலாம், 5 டன் ஜாக்கி தாராளம். பேரிங் கழற்றவும் தடித்த பிளாட்டை வளைக்கவும் நன்றாக உதவும். தகடு வேலைக்கு எனக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

பேரிங்கில் இங்கிலீஷ் வீல்

மேலே ஒரு தட்டையான சக்கரம், கீழே நடு புடைத்த சின்னச் சக்கரம், நடுவே தகட்டை அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டினால் தட்டிக்கு ஒரு நாள் ஆகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இதை முதலில் செய்யக் கிளம்பாதீர்கள். இது விரிக்க மட்டுமே தெரிந்த மிஷின், சுருக்காது, குழிக்காது. கட்டையும் தட்டியும் கையில் பழகிய பிறகு இதைக் கட்டினால் எதற்கு என்று தெரிந்து கட்டுவீர்கள்.

மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் சத்தம் போடுகிறது என்று கழற்றிப் போட்ட பேரிங் குவிந்து கிடக்கும். உள்ளே குண்டு தேய்ந்திருந்தாலும் நமக்குப் பரவாயில்லை, வெளிவளையம் கீறல் இல்லாமல் இருந்தால் போதும். மேலே 6312 நம்பர் பேரிங் எடுத்தால் வெளிவிட்டம் 130 மி.மீ., அகலம் 31. கீழே 6308, வெளிவிட்டம் 90, அகலம் 23. மேலுள்ளதை விளிம்பு மட்டும் உருட்டி அப்படியே விடுங்கள். கீழுள்ளதன் முகத்தை நடு புடைக்கக் கிரைண்டு செய்ய வேண்டும். பக்கவாட்டில் கிரீஸ் அடைத்து வாஷர் வைத்து மூடி, ஒரு போல்ட்டில் மாட்டி வைஸில் பிடித்து, கிரைண்டரைச் சாய்த்துத் தொட்டால் வளையம் தானே சுழலும். ஒரு மரத்துண்டால் லேசாகத் தடுத்து மெதுவாகச் சுழலவிடுங்கள். அட்டையில் வளைவை வெட்டி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வளையம் நீலம் பூத்தால் கடினம் போய்விட்டது, ஆகவே அடிக்கடி நிறுத்தி ஆறவிட வேண்டும். வெவ்வேறு புடைப்பில் மூன்று செய்து வைத்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

சட்டம்தான் இதன் உயிர். ஆங்கில எழுத்து சி போல இருக்கும் அந்தச் சட்டம் வாய் திறந்துகொடுத்தால் அழுத்தம் எல்லாம் அங்கேயே போய்விடும். இரண்டு 75 மி.மீ. சேனலை முகத்தோடு முகம் சேர்த்துப் பெட்டியாக வெல்டு செய்து, வாய் ஆழம் 400 மி.மீ.க்கு மேல் போகாமல், மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துக் கட்டுங்கள். கீழ்ச் சக்கரம் ஏறி இறங்க, 5 மி.மீ. சுவருள்ள 50 சதுரக் குழாய்க்குள் 40 சதுரக் குழாயை அரம் போட்டு வழுக்கவிட்டு, அடியில் எம்20 போல்ட். அதன் மரை இடைவெளி 2.5 மி.மீ., கால் சுற்றுக்கு 0.6 மி.மீ. ஏறும். அச்சுத் தண்டுகளை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடுங்கள், கையால் அரம் போட்டு வட்டம் கொண்டுவரும் பொறுமை யாருக்கும் கிடையாது. மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் தகடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும்.

ஓட்டும்போது அழுத்தம் லேசாகவே இருக்கட்டும். ஒரு தடத்தின் மேல் பாதி ஏறும்படி அடுத்த தடம், முழுக்க முடிந்ததும் தகட்டைக் குறுக்கே திருப்பி இன்னொரு சுற்று. கோடு கோடாகத் தெரிந்தால் அழுத்தம் அதிகம் அல்லது சக்கர விளிம்பு கூர். ஓரத்தின் மேல் ஓட்டாதீர்கள், ஓரம் விரிந்து பாவாடை மாதிரி அலையடிக்கும்.

அலுமினியமும் செம்பும்

அலுமினியம் சிவக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும், ஆகவே நிறத்தைப் பார்த்துச் சூடாக்க முடியாது. குளிக்கிற பார் சோப்பைத் தகட்டில் கோடு கோடாகத் தேய்த்து, மறுபக்கமிருந்து டார்ச்சை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். சோப்பு கரும்பழுப்பாக மாறியதும் டார்ச்சை எடுத்துவிடுங்கள். ஆறியதும் கையால் வளைக்கலாம் போல இருக்கும். வீட்டில் பழைய செம்பு அண்டா ஒன்று ஓட்டை விழுந்து கிடந்தால் பழகுவதற்கு அதைவிட நல்ல தகடு இல்லை. நிழலில் வைத்து மங்கலாகச் சிவக்கவிட்டு, இடுக்கியால் பிடித்துத் தண்ணீரில் முக்கலாம், செம்பு அதனால் இறுகாது.

மழைக்காலம்

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஆரம்பித்துவிட்டால் பளபளப்பாக்கி வைத்த முகமெல்லாம் ஒரே ராத்திரியில் துருப் பூத்துவிடும். கைக்கெட்டிய தேங்காய் எண்ணெயைத் தடவிவிடலாம் என்று தோன்றும், நாளடைவில் அது பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மிஷின் எண்ணெயோ கிரீஸோ துணியில் தொட்டுத் தடவுங்கள். தட்டி, டாலி, கம்பத்தின் தலை மூன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள டின்னில் போடுங்கள். வீலில் தகடு மாட்டியபடி விட்டுப் போகாதீர்கள், இரண்டு சக்கரமும் தொடுகிற இடத்தில் ஈரம் தங்கிக் குழி விழும், கீழ்ச் சக்கரத்தை இறக்கிவிட்டுப் போங்கள். மரக்கட்டையைத் தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் ஏற்றி வையுங்கள், கறையான் கீழிருந்துதான் வரும்.